யேசுதாஸ் வாத்தியார் பரப்பிய நோய்

யேசுதாஸ் வாத்தியாருக்குப் பொய் சொல்லவே வராது என்று காஞ்சிபுரத்தில் அவருடைய சபைக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மணியம்மாளின் மாட்டுக்கறிக் கடைக்கு முதல் பை அவர் வீட்டிலிருந்துதான் போகும். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், "நாங்க அதெல்லாம் தொடறதே இல்ல சார்" என்பார். பதினெட்டு வருஷமாக இதே பாட்டு.

2001-ல் சபையில் நடக்கும் அறுப்பின் பண்டிகை விருந்துக்கு உடன் வேலை பார்க்கும் கிருஷ்ணஸ்வாமி, "நானும் வந்து பார்க்கறேனே" என்று சொல்லிவிட்டார். வாத்தியார் தலையை ஆட்டிவைத்தார். சபை விருந்தென்றால் வருஷா வருஷம் மாட்டுக்கறி பிரியாணி. வாசனை தெருமுனை வரைக்கும் வரும்.

நல்லவேளையாக அந்த வாரம் பேப்பரில் இங்கிலாந்து மாடுகளின் பைத்தியநோய் பற்றிய செய்தி. சபைக் கமிட்டியில் எழுந்து வாசித்தார். "கறி துன்றவங்களுக்கும் மூளை கலங்குதாம்பா. இந்த வருஷம் காய்கறி போட்டுக்கலாம்." அங்கே மாட்டுக்கு எலும்புத்தூள் தீனி போட்டதால் வந்த வினை, நம் நாட்டில் அந்த நோய் காணப்படவில்லை என்று கீழே நாலு வரி இருந்தது. அந்த வரிகளை மட்டும் மடித்துப் பிடித்துக்கொண்டார்.

கிருஷ்ணஸ்வாமி வந்தார், ஒரு வாழைப்பழம் சாப்பிட்டார், போய்விட்டார். சபையில் பரவிய பயம் மட்டும் போகவில்லை. மணியம்மாள் கடையில் ஈ ஓட்டினாள்.

மூன்றாம் வாரம் அவள் பள்ளிக்கூட வாசலுக்கே வந்து நின்றாள். வாத்தியார் பக்கத்தில் கிருஷ்ணஸ்வாமி.

"சார், என் பொண்ணு ஏஞ்சல் முழுகாம இருக்குது. விக்காத கறிய அதுக்குத்தான் ஆக்கிப் போட்டுக்கினு இருந்தேன். வயித்துப் புள்ளைக்கு எதனா ஆவுமா சார்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க."

"ஒண்ணும் ஆவாதும்மா. நம்ம ஊர் மாட்டுக்கு அந்த நோய் கிடையாது. பேப்பர்லயே போட்டிருந்தான்," என்றார் வாத்தியார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"அப்ப அன்னிக்கு கமிட்டில ஏன் சார் அப்படிப் படிச்சீங்க?"

வாத்தியார் கிருஷ்ணஸ்வாமியை ஓரக்கண்ணால் பார்த்தார். அந்தப் பார்வையை மணியம்மாளும் பார்த்தாள். முப்பது வருஷமாகக் கறி விற்கிறவளுக்கு, யாரிடம் எதை மறைக்கிறார் என்று புரிய அது போதாதா?

"தப்புதான் சார்," என்றாள் குரலைத் தாழ்த்தி. "உங்க வீட்டாண்ட வந்து கேட்டிருக்கணும். இங்க வந்திருக்கக் கூடாது. மன்னிச்சிக்குங்க."

"பரவால்லமா," என்றார் வாத்தியார்.

சொன்ன வாய் கூசியது. தான் கேட்க வேண்டிய மன்னிப்பை அவளைக் கேட்கவிட்டு, பெரிய மனுஷனாக அவளை மன்னித்தும் அனுப்பிவிட்டார்.