ஜானவாசக் காரின் பின் பட்டைகள்

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் ஒரு தம்பி இருக்கிறான். போன மாதம் தன் காரின் ஸ்பிரிங்குகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த புது ஸ்பிரிங்குகளை மாட்டினான். சிவப்பு நிறம். காருக்கு அடியில், நாய் மட்டும் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கிற சாமானுக்கு எதற்குச் சிவப்பு என்று கேட்டேன். சிரித்தான். இதையெல்லாம் உங்களுக்கு விளக்க முடியாது என்கிற சிரிப்பு. இப்போது வண்டி தரையோடு தரையாக நிற்கிறது. வாசல் மேட்டில் ஏறாது. தினமும் காலையில் வாட்ச்மேன் இரண்டு பலகைகளைக் கொண்டுவந்து போட, அதன்மேல் கார் சாமி புறப்பாடு மாதிரி வெளியே போகிறது. இதற்குப் பெயர் மேம்பாடாம்.

நிறையச் செலவு செய்து ஒரு காரைக் கெடுப்பது தன் தலைமுறையின் கண்டுபிடிப்பு என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான், பாவம். நாங்கள் அதைப் பழைய இரும்பிலேயே செய்து முடித்தவர்கள்.

நேற்று வாட்ச்மேன் இல்லை. பலகையை நான்தான் எடுத்து ஓரமாக வைத்தேன். கையில் கிரீஸும் தேய்ந்த ரப்பரும் கலந்த வாடை ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டும் போகவில்லை. எனக்குத் தெரிந்து அந்த வாடையின் சொந்த ஊர் மந்தைவெளியில் பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் இருந்த ஒரு தகரக் கொட்டகை. அங்கே மூன்றாவது வாடை ஒன்றைக் கால்வாய் தன் பங்குக்குத் தாராளமாகச் சேர்க்கும்.

பத்தாவது பரீட்சைக்குப் போகிற வழியில் வேறு பஸ்ஸில் ஏறிவிட்டவன் நான். அந்த பஸ் என்னைப் பல இடங்களில் இறக்கிவிட்டது. தூத்துக்குடியில் உப்பளம், நெல்லூரில் எலுமிச்சை மண்டி, ஒரு சர்க்கஸில் கூடாரக் கயிறு. தொண்ணூறுகளின் நடுவில் அது என்னை மந்தைவெளியில் இறக்கியபோது எனக்கு முப்பது வயது இருக்கும். கொட்டகை ஆரோக்கியத்துடையது. சாந்தோம்காரன், என் வயதுதான். அவன் அப்பா லஸ் பக்கம் ஒரு வக்கீலிடம் டிரைவராக இருந்தவர். வக்கீல் வீட்டார் அவருடைய விசுவாசத்தைப் பாராட்டி, தங்களுக்கு வேண்டாத ஒரு பழைய காரை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. துணிக் கூரை, மடக்கினால் திறந்த கார். அப்பா போனபின் கார் ஆரோக்கியத்துக்கு வந்தது. அதன் பின் சீட்டு எனக்கு வந்தது. ராத்திரி அதில்தான் படுக்கை. பகலில் அவனுக்குக் கூடமாட வேலை. இரண்டு பேருக்கும் முதலாளி அந்தக் கார்தான்.

திறந்த காருக்கு மயிலாப்பூரில் ஒரே ஒரு வேலை உண்டு. ஜானவாசம். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளையைக் கோட்டும் சூட்டும் மாலையுமாகத் திறந்த காரில் உட்காரவைத்து, கோவிலிலிருந்து மண்டபத்துக்கு நாதஸ்வரத்தோடு ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். இதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கல்யாண வீட்டில் எத்தனை பிள்ளைகள் உண்டோ அத்தனையும் மாப்பிள்ளையோடு அந்தக் காரில் ஏறும். மடியில், மட்கார்டில், மடித்த கூரைமேல், எங்கும். மாப்பிள்ளையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்படி ஒரு கல்யாணத்தில் பதினான்கு பிள்ளைகள் ஏறி, தெரு நடுவில் பின்பக்கப் பட்டை உடைந்தது. வில் மாதிரி வளைத்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுதான் அந்தக் காலத்து ஸ்பிரிங். அதில் அடிப்படையான நீளப் பட்டையே இரண்டாகப் போய்விட்டது. மாப்பிள்ளை மிச்ச தூரம் நடந்தார். எங்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கிற கல்யாணக் கான்டிராக்டர் சாம்பு மாமா, இன்னொரு தடவை இப்படி ஆனால் எங்கள் முகத்திலேயே விழிப்பதில்லை என்று சொல்லிவிட்டார்.

ஆரோக்கியத்தின் மனைவி ஸ்டெல்லா தையல்காரி. அவளுடைய அண்ணனுக்குத் தெரிந்த ஒருவர் கடற்கரைச் சாலையில் ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தார். காரை வாங்கி வாசலில் நிறுத்தி, சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு மண் நிரப்பிப் பூச்செடி வைப்பதாக அவருக்குத் திட்டம். ஸ்டெல்லாவுக்கு அதில் பூரண சம்மதம்.

"அங்கியாச்சும் அவுங்க அதுக்கு தெனம் தண்ணி ஊத்துவாங்க. இங்க நாமதான் ஊத்திக்கினு கீறோம்" என்றாள். ரேடியேட்டர் ஒழுகுவதைச் சொன்னாள்.

அடுத்த ஜானவாசத்தில் சொதப்பினால் கார் பூந்தொட்டி என்று முடிவாயிற்று. அப்பாவின் காரில் செடி முளைப்பதை நினைத்து ஆரோக்கியம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு என் படுக்கையில் மண் கொட்டுவார்களே என்ற கவலை.

புதுப்பேட்டைக்குப் போனோம். சென்னையில் தொலைந்த எல்லா வண்டிகளும் கடைசியில் போய்ச் சேருகிற சொர்க்கம் அது. எங்கள் காருக்கான பட்டை இந்தியாவிலேயே கிடையாது என்று எல்லாக் கடையிலும் சந்தோஷமாகச் சொன்னார்கள். ஒரு ஜீப்பின் ஸ்பிரிங்கையும், செத்துப்போன ஒரு வேனின் ஸ்பிரிங்கையும் எடுத்துக்கொண்டு வந்தோம். கேஸ் வைத்து வெட்டினால் சூட்டில் பட்டையின் உயிர் போய்விடும் என்பதால் ரம்பத்தால் அறுத்தோம். உயிரை எங்கள் தோள்பட்டை கொடுத்தது. பட்டை முனையில் செருகுகிற ரப்பர் புஷ் கிடைக்கவில்லை. லாரி டயரை வெட்டி நாங்களே செய்தோம். ஆட்டம் அடங்குவதற்கு, எங்கேயோ மோதி நசுங்கிய ஜீப்பின் ஷாக் அப்சார்பர் இரண்டு. அவற்றை மாட்ட ஒரு பழைய கட்டிலின் இரும்புச் சட்டத்தை வெட்டி வெல்டிங் வைத்தோம். அளவெல்லாம் ஸ்டெல்லாவின் தையல் டேப்பில்.

ஆதியில் ஐந்து பட்டை. நாங்கள் ஏழு வைத்தோம். பதினான்கு பிள்ளைகளில் உடைந்ததென்றால் இருபது பிள்ளைகளைத் தாங்க வேண்டும் என்பது ஆரோக்கியத்தின் கணக்கு. கல்யாண வீட்டில் பிள்ளைகள் கூடுவார்களே தவிரக் குறையமாட்டார்கள் என்பதுதான் எங்கள் பொறியியலின் அஸ்திவாரம்.

சோதித்துப் பார்க்கப் பாரம் வேண்டுமே. கால்வாய்க் கரை முழுக்கக் குடிசைகள். ஆரோக்கியம் விசில் அடித்தான். பதினோரு பிள்ளைகள் வந்தார்கள், பாதிப் பேர் இடுப்பில் ஆளுக்கொரு தம்பியோ தங்கையோ. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பட்டினப்பாக்கம் கடற்கரை வரை போய் வந்தோம். வண்டி தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டு போயிற்று. கார் கம்பெனிக்காரன் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பான். மறுநாள் காலை பிள்ளைகள் கொட்டகை வாசலில் நின்றார்கள். இன்றைக்கு டெஸ்ட் இல்லையா என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு தினமும் ஏதாவது ஒரு டெஸ்ட் பாக்கி இருந்தது.

காலியாக நிற்கும்போது வண்டி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. ராத்திரி பின் சீட்டிலிருந்து மூன்று தடவை உருண்டு விழுந்தேன். அதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிற அறிவு எங்கள் இருவருக்கும் இல்லை. ஜானவாசக் கார் என்றைக்குக் காலியாகப் போயிருக்கிறது?

அன்றைக்குப் போயிற்று.

அந்த ஜானவாசத்து மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. ஒரே பிள்ளை. பெண்ணும் ஒரே பெண். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே ஒரு சிறுவன் வந்திருந்தான். அவனும் தவில் சத்தத்தில் அழுததால் ஏசி அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இருபது பிள்ளைகளுக்காகக் கட்டிய வண்டியில், ஒல்லியான ஒரு மனிதர் மட்டும் ஏறி உட்கார்ந்தார். வால் தூக்கி நின்றதால் தோல் சீட்டில் வழுக்கி வழுக்கி முன்னால் வந்தார். முன்சீட்டைப் பிடித்துக் குனிந்தபடியே இருந்தார். தெருவில் நின்ற பெண்கள், எவ்வளவு அடக்கமான பையன், எல்லோருக்கும் குனிந்து நமஸ்காரம் பண்ணிக்கொண்டு வருகிறான் என்றார்கள். பிறகு குழாய் பதிக்க யாரோ தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம் வந்தது. நடக்கிற வேகம்தான். ஆனால் பாரமில்லாத ஏழு பட்டையும் ஒரு பள்ளத்தைக்கூட மன்னிக்கவில்லை. மாலை எழும்பி அவர் முகத்தில் அறைந்தது. அடுத்த பள்ளத்தில் மாப்பிள்ளையே எழும்பினார். ஆரோக்கியம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியில் அதைப் பார்த்தான். கழுத்திலிருந்த சிலுவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டான். எனக்கு அவன் தலைக்குமேல் ஒரு செம்பருத்திச் செடி தெரிந்தது.

சாம்பு மாமா ஓட்டமாக வந்தார்.

"என்னடா ஆரோக்கியம், மாப்பிள்ளையை முறத்துல போட்டுப் புடைக்கிறியா?"

"வெயிட் இல்ல மாமா. வெயிட் இருந்தா பூ மாதிரி போவும்."

"வெயிட்டுக்கு நான் எங்கடா போவேன்? நானே ஏறிக்கட்டுமா?"

மாமா ஏறியிருந்தால் ஒரு குடையின் பாரம்கூடக் கூடியிருக்காது. வெயிட் அப்போது காருக்குப் பின்னால் குதித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. எங்கள் கால்வாய்க் கரைப் பிள்ளைகள். மேளம் கேட்டால் வராமல் இருப்பார்களா? ஆரோக்கியம் திரும்பிப் பார்த்தான். விசில்கூட அடிக்கவில்லை. பார்த்தது போதுமாயிருந்தது. மட்கார்டில் நான்கு, கூரையில் ஐந்து என்று பழகிய இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

ஜரிகை அங்கவஸ்திரம் போட்ட ஒருவர் குறுக்கே வந்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா என்று பிறகு தெரிந்தது. "யாருடா இவாள்லாம்? இறக்குங்கோ முதல்ல" என்றார். பிள்ளைகள் அசையவில்லை. மாப்பிள்ளை நகர்ந்து, பக்கத்தில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் விட்டார்.

"இருக்கட்டும் சித்தப்பா. எனக்கு முதுகு போயிடுத்து."

இதைச் சமூகப் புரட்சி என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். வெறும் முதுகு. சித்தப்பாவுக்கு அமெரிக்க முதுகின் மேல் மரியாதை இருந்தது. விலகினார். வண்டியின் வால் இறங்கியது. மண்டபம் வரை தொட்டில்தான்.

மறுவாரம் சாம்பு மாமா கொட்டகைக்கு வந்தார். கார் வேண்டும், கூடவே அந்தப் பிள்ளைகளும் வேண்டும் என்றார். வர வர எந்தக் கல்யாணத்திலும் பிள்ளைகள் இல்லை, ஜானவாசம் பிரேத ஊர்வலம் மாதிரி இருக்கிறது என்று அவரே ஒத்துக்கொண்டார். ஸ்டெல்லா ஒரே துணிச் சுருளிலிருந்து வெட்டி எல்லோருக்கும் பாவாடை சட்டை, நிஜார் சட்டை தைத்தாள். ஒரே துணியில் பார்த்ததும் ஒரே குடும்பம் என்று ஆகிவிட்டது. பெண் வீட்டார் அவர்களை மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்தார்கள். சம்பந்திகளுக்குப் பயந்து இரண்டு பக்கமும் போட்டி போட்டு ஜாங்கிரி வைத்தார்கள். பூந்தொட்டிக்காரர் வேறு கார் பார்த்துக்கொண்டார்.

ஒருநாள் எனக்கு ஞானம் வந்தது. இரண்டு பட்டையைக் கழற்றினால் வண்டி காலியாகவே நன்றாக ஓடுமே, ஒரு மணி நேர வேலைதானே என்றேன். ஆரோக்கியம் பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

"கயட்டலாம் மச்சி. அப்பால இந்தப் புள்ளிங்கள இன்னா சொல்லி ஏத்துவே?"

ஸ்பானரைப் பெட்டியில் போட்டேன். அவன் சொன்னது பொறியியல்.

மூன்று நான்கு வருடம் அப்படி ஓடியது. பிறகு கால்வாய்க்கு நடுவில் ரயிலுக்காகத் தூண்கள் எழும்ப ஆரம்பித்தன. தரையில் ஓட இடமில்லாததால் ரயில் பறக்கப்போகிறது என்றார்கள். பறக்கிற ரயிலுக்குக் கரையிலிருந்த குடிசைகள் எப்படித் தடையாகும் என்று கேட்கிற அளவுக்கு எங்களில் யாரும் படித்தவர்கள் இல்லை. ஒரு காலையில் லாரிகள் வந்தன. ஊருக்கு வெளியே, பஸ் எப்போது வரும் என்று பஸ்ஸுக்கே தெரியாத ஓரிடத்தில் ஆளுக்கொரு அறை கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் லாரியில் ஏறுவதைப் பார்த்தேன். சண்டையில்லாமல் ஏறினார்கள். பெரியவர்கள் ஓரத்தில், சின்னவர்கள் நடுவில். அந்த விஷயத்தில் அவர்களுக்கு நல்ல பயிற்சி இருந்தது.

பத்தாம் நாள் ஒரு ஜானவாசம். ஆரோக்கியம் இரண்டு பஸ் மாறிப் போய்த் தேடினான். நான்கு வீட்டைக் கண்டுபிடித்தான். கூட்டி வரலாம், ராத்திரி திரும்பக் கொண்டுபோய்விட பஸ் கிடையாது, ரேடியேட்டர் ஒழுகுகிற எங்கள் கார் அவ்வளவு தூரம் தாங்காது. கடைசியில் மணல் மூட்டைகளைக் காரின் தரையிலும் சீட்டிலும் அடுக்கி, மேலே ஜமக்காளம் விரித்தோம். மாப்பிள்ளை நடுவில் உட்கார்ந்தார். துளி குலுங்கவில்லை. பிள்ளைகள் எங்கே என்று இரண்டு வீட்டாரிலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. சாம்பு மாமா ஜமக்காளத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இதுவே தேவலைடா. சத்தம் போடாம சமர்த்தா உக்காந்துண்டிருக்கு."

மறுநாள் காலை நான் எழுந்தபோது ஆரோக்கியம் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்தான். இரண்டு பக்கத்திலும் இரண்டிரண்டு பட்டைகளைக் கழற்றினான். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். ஸ்டெல்லா பிள்ளைகளுக்காக வெட்டிவைத்த துணியை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். ஜாக்கியை இறக்கியதும், இத்தனை வருடம் வால் தூக்கி நின்ற வண்டி, ஒருத்தரும் உட்காராமலே சமமாக நின்றது. இனி யாரும் தேவையில்லை என்று அதற்கும் புரிந்துவிட்ட மாதிரி.

அப்புறம் ஓரிரண்டு வருடம் மாப்பிள்ளைகள் தனியாக, சௌகரியமாகப் போனார்கள். பிறகு ஜானவாசமே மண்டபத்து வாசலில் ஒரு சுற்று என்று சுருங்கியது. கார் விற்றுப்போயிற்று, நானும் வேறு பஸ் ஏறினேன். பறக்கும் ரயில் வந்து, பல வருடம் பெரும்பாலும் காலியாகவே பறந்தது. இப்போதும் மயிலாப்பூர்த் தெருவில் எப்போதாவது ஒரு மாப்பிள்ளை மேளத்தோடு வருகிறார். மாடிகளில் ஆட்கள் வந்து நின்று செல்போனில் படம் எடுக்கிறார்கள். பின்னால் ஓடிவர மட்டும் யாரும் இல்லை.