லாரன்ஸின் கிணற்றுக் கல்

செவ்வாப்பேட்டையில் ரயில் நின்றபோது நம் ஆலையின் எடைமேடைக்காரர் ஜன்னலோரம் வந்து, "லாரன்ஸ் போயிட்டாரு சார்" என்றார். எந்த ஊருக்கு என்று கேட்டுவிட்டேன். வண்டி நகர்ந்த பிறகுதான் புரிந்தது.

திருவள்ளூர் கம்பி ஆலையில் அவரோடு உலை முன்னால் வெந்தவர்களுக்கு லாரன்ஸை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் உலையில் கிட்டம் வாரியவர். வாரியதை ஆய்வகத்தில் சோதித்தவன் நான். உலைச் செங்கல்லும் இரும்பும் உருகிச் சேர்ந்த கழிவுதான் கிட்டம். "உங்க குப்பி சொல்றதுக்கு முன்ன என் கம்பி சொல்லிடும் சார்" என்று கிட்டம் வாரும் கம்பியைக் காட்டிச் சீண்டுவார். பெரும்பாலும் சொல்லியும்விடும்.

அறுபதுகளின் கடைசியில் திருவாலங்காட்டில் ஒரு துண்டு நிலம் வாங்கினார். பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்த குடும்பத்துக்கு அதுவே முதல் சொந்த மண். வீடு கட்டி, கிணறும் வெட்டினார். கிணற்றில் கிடைத்தது என்று ஒரு நாள் ஒரு கல்லைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பச்சை கலந்த கறுப்பு. அளவுக்கு மீறிய கனம். கண்ணாடியைக் கீறியது. பொடித்து அமிலத்தில் போட்டதும் ஆறின கஞ்சிபோல் கெட்டிப்பட்டது. இரும்பும் சிலிக்காவும் சேர்ந்த ஃபயலைட்! நம் கிட்டத்தில் அது தினமும் கிடைக்கும். பூமிக்குள் சில கிரானைட் பாறைகளிலும் எரிமலைப் பாறைகளிலும் அபூர்வமாகத்தான் இருக்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. கிணற்றை வந்து பார்க்கச் சொல்லி அரசு நிலவியல் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, அவருக்குப் படித்தும் காட்டினேன்.

மறுநாள் நாஷ்டா நேரத்தில் வந்தார். முகம் சரியில்லை. அரசாங்கம் வந்து தோண்டினால் நிலமும் வீடும் யாருக்கு என்று கேட்டார். தெரியாது என்றேன். "அது கெணத்துக் கல்லு இல்ல சார். நம்ம உலைக் கிட்டம்தான். வெளாட்டுக்குச் சொன்னேன்" என்றார். கிட்டத்தில் காற்றுக் குமிழி இருக்குமே, இதில் ஒன்றுகூட இல்லையே என்றேன். மெதுவாக ஆறினால் குமிழி நிற்காது என்றார். அதுவும் உண்மைதான். தபாலில் சேர்க்காத கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். நாலு நாள் அவரோடு பேசவில்லை. அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

அடக்கம் முடிந்து, அந்தக் கிணற்றடியில் அவர் மனைவி மேரியிடம் கல்லைப் பற்றிக் கேட்டேன்.

"அது இன்னா கல்லுன்னு அவருக்கே தெரியாது சார். கெணறு வெட்ட சொல்லோ மண்ணுல கெடந்துச்சு. வழி போடறதுக்குன்னு அங்கியே ஒரு வண்டி ஆலைக் கிட்டமும் கொட்டியிருந்தோம். சார் கிட்டம்னு ஒத்துக்கினா ஊடு நிக்கும்னு மட்டும் சொன்னாரு."

அப்படியானால் நான் ஒத்துக்கொண்டது கல்லைப் பார்த்தா, அவர் முகத்தைப் பார்த்தா? என்னை ஏமாற்றினாரா, நம்பினாரா? பத்து வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் குழம்புகிறேன். கேட்கலாமென்றால் அவர் இல்லை.

மேரி ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தார். குடித்தேன். கல் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் அது எங்கே பிறந்தது என்று தெரிந்துவிடலாம். நான் அறுக்கப்போவதில்லை.