பத்துக் கிழமை என்பது

எனக்கு ஒன்பது வயதானபோது எங்கள் வீட்டில் ஆங்கில இலக்கணம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் எங்கள் நாட்டுச் சண்டைக்குள் ஊர் ஊராக ஓடியே பள்ளிக்கூட வயதைக் கடந்தவர்கள். அதனால், நாங்கள் குடியேறியிருந்த இல்ஃபோர்டில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே நடந்த சனிக்கிழமை ரியூசனில் நான் கற்று வந்தது எதுவும் வீட்டில் உடனே சட்டமாகிவிடும்.

அந்த வருடத்துச் சட்டம் அளவுகளைப் பற்றியது. தூரம், நிறை, காலம், எதையும் ஓர் அளவாகச் சொன்னால் அது ஒருமை. பத்து மைல் என்பது பத்துத் தனித்தனி மைல்கள் அல்ல, ஒரே தூரம். ஆகவே ‘டென் மைல்ஸ் ஆர்’ என்பது பிழை, ‘டென் மைல்ஸ் இஸ்’ என்பதே சரி. மற்றப் பிள்ளைகள் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, எனக்கு மட்டும் அது சட்டென்று பிடிபட்டது. அம்மா ‘அஞ்சு கிலோ அரிசி கிடக்கு’ என்றுதானே சொல்வார். ‘கிடக்குதுகள்’ என்றா சொல்வார்?

அன்றிலிருந்து நான் யாரையும் விட்டுவைக்கவில்லை. நோர்பரியிலிருந்து வந்த மாமா, ‘ட்வென்டி மைல்ஸ் ஆர் டூ மச்’ என்று கைபேசியில் யாரையோ திட்டிக்கொண்டே படியேறினார். அவர் சப்பாத்தைக் கழற்ற முன்னரே திருத்தினேன்.

“உன்ர மகள் இனி அரண்மனைக்குப் போய் இங்கிலிஷ் படிப்பிப்பாள் போல கிடக்கு,” என்றார் அப்பாவிடம். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நான் யாரை வென்றாலும் அவருக்குச் சந்தோஷம்தான்.

அந்த நாட்களில் அம்மாவின் வயிற்றில் ஒரு குழந்தை இருந்தது. எனக்கு இது தெரிய வந்தது, எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் பல்கலைக்கழகம் போன பிறகுதான். மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொன்னால் கண்ணூறு பட்டுவிடும் என்று எங்கள் சனம் யாருக்கும் சொல்லாது. அந்த யாருக்கும் என்பதில் நானும் அடக்கம்.

ஒருநாள் அம்மா என்னைப் பாதி வகுப்பில் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போனார். வயிற்றுக்குத்து என்றார். வேலையில் இருந்த அப்பா கைபேசியை எடுக்கவில்லை. பஸ்ஸில் அம்மா முன் இருக்கையின் கம்பியைப் பிடித்த பிடியை ஆஸ்பத்திரி வரும்வரை விடவில்லை.

ஸ்கான் அறை இருட்டாக இருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் போதாது என்று கண்டதும் டாக்டர், தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அழைத்து அம்மாவின் பெயரைச் சொன்னார். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் வந்தது.

“வணக்கம் அம்மா. சொல்லுங்கோ, என்ன செய்யுது?”

அம்மாவின் முகம் வெளிறியது. எனக்கும் அந்தக் குரலைத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் கோயில் ஒலிவாங்கியில், ‘வாசலை மறைத்து நிற்கும் வெள்ளைக் காரின் உரிமையாளர் உடனே வரவும்’ என்று அறிவிக்கும் அன்ரி.

அம்மா என்னை இழுத்துக் காதுக்குள் சொன்னார். “வேண்டாம் எண்டு சொல்லு. நாளைக்குக் கோயில் முழுக்கக் கதைக்கும். நீயே சொல்லு.”

அம்மாவின் வயிற்றுக்குத்தில் கோயிலுக்கு என்ன அக்கறை என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் பெருமையாக இருந்தது. டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. சின்னப் பிள்ளை இதைச் செய்யக் கூடாது, வேறு ஆளை அழைக்கிறேன், அப்பா வரும்வரை பொறுப்போம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தபடி, மகள், நல்ல ஆங்கிலம் என்று தனக்குத் தெரிந்த சொற்களையே திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் டாக்டர் தொலைபேசியை வைத்தார்.

திரையில் எதையோ அளந்தார். மறுபடியும் அளந்தார். பிறகு எனக்காக மிக மெதுவாக, ‘டென் வீக்ஸ் இஸ்’ என்று தொடங்கினார்.

என் மனம் துள்ளியது. என் ரியூசன் பாடம் ஒரு டாக்டரின் வாயிலிருந்து வருகிறது. துள்ளிய குரலிலேயே சொன்னேன். “பத்துக் கிழமை அளவு இருக்க வேணுமாம், அம்மா. ஆனா ஆறு கிழமை அளவுதான் இருக்காம்.”

எது என்று நான் கேட்கவில்லை. டாக்டர் அடுத்ததைச் சொன்னார். அதையும் சொன்னேன்.

“இதயம் துடிக்கேல்லையாம்.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. அந்தக் கட்டிலில் படுத்திருந்தது அம்மா ஒருவர்தான். பாய்ந்து அம்மாவின் நெஞ்சில் கையை வைத்தேன். உள்ளே யாரோ கதவை இடிப்பதுபோல அடித்துக்கொண்டிருந்தது. டாக்டரைத் திரும்பிப் பார்த்து, துடிக்கிறது, துடிக்கிறது என்று ஆங்கிலத்தில் சத்தம் போட்டேன். டாக்டர் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அம்மா என் கையை எடுக்கவில்லை. அதன் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார். எனக்கு இன்றும் பஸ்ஸிலோ வேலையிலோ அது நினைவு வந்தால், செய்துகொண்டிருப்பது அப்படியே நின்றுவிடும்.

வீட்டில் அப்பாவிடம், டாக்டரும் ‘இஸ்’ என்றுதான் சொன்னார் என்று சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன் பிறகு நாங்கள் கோயிலுக்குப் போன வெள்ளிக்கிழமை, அந்த அன்ரி ஒலிவாங்கியை வைத்துவிட்டு வந்து அம்மாவின் கையைப் பிடித்தார். வேறு யாரும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே நின்றார்.

பிறகு அன்ரி என் பக்கம் குனிந்து, தணிந்த குரலில் கேட்டார். “நீர்தானோ பிள்ளை அண்டைக்கு அம்மாவுக்கு எல்லாம் சொன்னனீர்?”

“ஓம்,” என்றேன். “ஒரு பிழையும் விடேல்லை.”

பாராட்டுவார் என்று நிமிர்ந்து நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்து முடிந்தும் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. என் ஆங்கிலத்தில் இந்த மனுசிக்கு நம்பிக்கை இல்லையாக்கும் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.