குனிந்து பார்க்க ஒரு பலகை

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுதினால் வரி கோணிக்கொண்டு போகும். வருஷமும் மாசமும் என் ஞாபகத்தில் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த மஞ்சள் பலகை மட்டும் எனக்கு மறக்கவில்லை. பொள்ளாச்சிக்கு மேற்கே, மலை முடிகிற இடத்தில் ஓர் அணை இருக்கிறது. அதன் கரையில் கோயமுத்தூர் மில்காரர் ஒருவருடைய தோட்டத்து பங்களா. அங்கே கூட்டிப் பெருக்கி, அவர்கள் வந்து தங்கும் நாட்களில் சமைத்தும் போடுகிற வேலையில் இருந்தேன். பின்னால் தேங்காய் மட்டை அடைந்து கிடந்த கொட்டகையில் அந்தப் பலகை ஒட்டடை படிந்து சுவரில் சாய்ந்து நின்றது. ஆளை விட நீளம். நன்றாக அகலம். ஓரமெல்லாம் உருட்டியிருக்கும். தட்டினால் பூசணிக்காயைத் தட்டின மாதிரி சத்தம் வரும். பக்கத்திலேயே இன்னொன்று, வெள்ளை நிறம், ஒல்லியாக, பளபளவென்று. மில்காரரின் மகன் வெளிநாட்டில் படித்துத் திரும்பியபோது, படகு மாதிரி பாய் கட்டித் தண்ணீரில் ஓட்டுகிற பலகை என்று இரண்டையும் கொண்டு வந்தார். ஒரு கோடை முழுவதும் ஓட்டினார். பிறகு கல்யாணம், மில் என்று மறந்துவிட்டார். பாய்களை எலி தின்றது. பலகைகள் மட்டும் மிஞ்சின.

அவற்றை மறுபடி தண்ணீரில் இறக்கியது என் அண்ணனின் மனைவி. எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்போம், கூப்பிடும்போது நங்கையா. ஆனைமலைப் பக்கத்து நெல்வயல் ஊரில் பிறந்தவர். பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு, ஆனால் சொன்னால் சொன்னதுதான். தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம், அக்கரையில் இருந்த எங்கள் மாட்டுப்பட்டிக்குப் பரிசலில் போன அண்ணன் திரும்பவில்லை. மத்தியானம் திடீரென்று காற்றும் மழையும். அடங்கியபின் பார்த்தால் பரிசல் கவிழ்ந்து மிதந்துகொண்டிருந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்து கொக்கி போட்டுத் தேடினார்கள். அணை கட்டுவதற்கு முன் அங்கே ஒரு பனந்தோப்பு இருந்ததாம். வெட்டாமல் விட்ட மரங்கள் அடியில் அப்படியே நிற்கின்றன, அவற்றுக்குள் மாட்டினால் உடம்பு மேலே வராது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அதோடு முடிந்திருந்தால் ஊரே அழுது ஓய்ந்திருக்கும். ஆனால் அதற்கு முன் வாரம்தான் அண்ணன் அப்பாவோடு சண்டை போட்டு, "இனி இந்த ஊட்டு வாசல மிதிச்சா என்னன்னு கேளுங்க" என்று வாசலிலேயே கத்தியிருந்தார். கொஞ்ச நாளில் ஒறம்பரைக்காரர், சொந்தக்காரர்தான், ஒருவர் வந்து, பெருந்துறையில் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற கூட்டத்தில் அவரைப் பார்த்ததாகச் சொன்னார். முகம் பார்த்தீர்களா என்றால், முதுகுதான் பார்த்தேன் என்றார். அந்த முதுகு எங்கள் வீட்டை இரண்டாகப் பிளந்துவிட்டது. செத்துப்போனார் என்பார்கள் சிலர், ஓடிப்போனார் என்பார்கள் சிலர். எங்களில் புருஷனை இழந்தவளுக்கு வெள்ளைச் சீலை. நான் அதை முன்பே உடுத்திப் பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தவள். உடுத்தின அன்றிலிருந்து கல்யாண வீட்டில் எந்த மூலையில் நிற்க வேண்டும், காலையில் யார் எதிரே போகக் கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு முடிவில்லாமல் அவரால் சாப்பிட முடியவில்லை, தூங்க முடியவில்லை. பொங்கல் கழிந்ததும் கருமாதி என்று நாள் குறித்துவிட்டார். நங்கைக்கு வெள்ளைச் சீலையும் வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிட்டார்.

நங்கை அடுப்படியிலிருந்து வெளியே வந்து கதவோரம் நின்று சொன்னார்: "பாக்காம உடுத்த மாட்டேனுங்க மாமா."

"என்னத்தப் பாக்கோணும்? ஆபீசருக வந்து தேடியே கெடைக்கல. நீ போயி தண்ணிக்குள்ள என்னத்தப் பாப்பே?"

"அவரு இருந்தா பாக்கறனுங்க. இல்லைன்னா இல்லைன்னு பாக்கறனுங்க."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

பரிசல்காரர்கள் மறுத்தார்கள். "ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. அந்த எடத்துக்கு உங்களக் கூட்டிட்டுப் போனா, அப்பறம் எங்க பரிசல்ல எவனுங்க ஏறுவான்?" என்றார் ஒருவர். அது தவிர, பரிசலில் உட்கார்ந்தால் தண்ணீர்மேல் வானம்தான் தெரியும், அடி தெரியாது. கிணற்று மேட்டில் நின்று குனிந்தால்தான் அடியில் கிடக்கும் குடம் தெரிகிறது, அதே மாதிரி தண்ணீர்மேல் நின்றாக வேண்டும் என்று நங்கை சொன்னார். அப்போதுதான், விறகுக்கு மட்டை எடுக்க என்னோடு வந்தவர் கொட்டகையில் அந்தப் பலகைகளைப் பார்த்தார்.

பங்களா வாட்ச்மேன் வாய்த்துடுக்கானவர், ஆனால் மனசு நல்லது. மில்காரர் மகன் ஓட்டியபோது கூடவே இருந்து பார்த்தவர். "மஞ்சளை எடுங்கம்மிணி. பழகறவங்களுக்கு அகலமானதுதான்னு சின்ன மொதலாளி சொல்லுவாருங்க" என்றார். நங்கை கேட்கவில்லை. அவருடைய அப்பா பொள்ளாச்சிச் சந்தையில் மாடு பிடித்து விற்றவர். மாடு பார்க்கிற கண்தான் நங்கைக்கும். இரண்டு பலகைகளையும் சுற்றி வந்தார். முதுகைத் தடவினார், வாலைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளைப் பலகை நீண்ட உடம்பு, ஒட்டின வயிறு, காளை மாதிரி. மஞ்சளைக் காட்டி, "இது புல்லுத் தின்னு ஊதின எருமை, நகராது" என்றார். வாட்ச்மேன் தலையில் அடித்துக்கொண்டார். "சந்தைக்குப் போறதுன்னா வெள்ளையப் புடிங்க. தண்ணிக்குப் போறதுன்னா எருமையப் புடிங்க. எதுங்க தண்ணீல கெடக்கும்?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அண்ணன் போனபின் யாரும் சிரித்திருக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டேன்.

வெள்ளையைத்தான் இறக்கினார். மார்கழி விடிகாலை, மூடுபனி தண்ணீர்மேல் புகை போல ஊர்ந்துகொண்டிருந்தது. சீலையை வரிந்து கட்டி ஏறினார், அது ஒரு பக்கம் வழுக்கியது, ஆள் மறுபக்கம். ஏறினார், விழுந்தார். கரையோரம் இடுப்பளவுத் தண்ணீர்தான், இருந்தாலும் நான் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. மாட்டின் தலைக்கயிறு ஒன்றைக் கொண்டுபோய், ஒரு முனையை அவர் கணுக்காலிலும் மறுமுனையைப் பலகையின் வாலிலும் கட்டினால்தான் விடுவேன் என்றேன். நான் அடம்பிடித்து யாரும் பார்த்ததில்லை. நங்கை காலை நீட்டினார்.

சில நாட்களில் மஞ்சளுக்கு மாறினார். அதிலும் விழுந்தார். அகலப் பலகை அசையாமல்தான் கிடந்தது, ஆனால் நின்ற மறுகணம் மல்லாக்க விழுவார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ஒருநாள் கரையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டே அவரே சொன்னார்: "நான் பரம்பு மேல நிக்கறேன் அம்மணி." நடவுக்கு முன் சேற்றைச் சமப்படுத்த மாடு கட்டி இழுக்கிற பலகைக்குப் பரம்பு என்று பெயர். பிறந்த ஊரில் சிறுவயதில் அதன்மேல் நின்று ஓட்டியவர் அவர். மாடு முன்னே இழுக்கும், கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து நிற்க வேண்டும், சாயாவிட்டால் சேற்றில் முகம் குத்தும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் சாய்ந்தார். பிடிக்கக் கயிறு இல்லை, இழுக்க மாடு இல்லை. இல்லாத கயிற்றை நம்பிச் சாய்ந்துகொண்டே இருந்திருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அண்ணன் போனபின் அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அதன்பின் முறையாகப் பழகினார். முதலில் மண்டியிட்டுத் துடுப்புப் போட்டார். பரிசல் துடுப்பு குட்டை என்பதால் வாட்ச்மேன் அதில் மூங்கிலைச் சேர்த்துக் கட்டி, நின்றால் தலைக்கு மேல் ஒரு சாண் வருகிற மாதிரி நீட்டிக் கொடுத்தார். பாய்க்கம்பு செருகுகிற குழியைத் துணியால் அடைத்தோம். எழும்போது இரண்டு காலும் நடுவில், தோள் அகலத்துக்கு விரித்து, முட்டியைச் சற்றுத் தளர்த்தி நின்றார். தடுமாறினால் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி இழுத்தார். "இதுதான் கயிறு" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். பொங்கல் நெருங்கும்போது கரையை ஒட்டி நின்றபடியே போய்வந்தார். ஒரே குறை, குனிந்தால் ஆட்டம் கண்டது. "எட்டத்தப் பாருங்கம்மிணி. தண்ணியப் பாத்தா தண்ணி கூப்புட்டுக்கும்" என்று வாட்ச்மேன் கரையிலிருந்து கத்துவார். எட்டத்தில் பார்க்க நங்கைக்கு என்ன இருக்கிறது? மலைதான். நிற்கப் பழகியது போதாமல், நின்றபடி கீழே பார்க்கவும் பழக வேண்டியிருந்தது. வெள்ளைக் காளை அதற்கு ஒருநாளும் இடம் கொடுத்திருக்காது. எருமை கொடுத்தது.

கருமாதிக்கு முந்தின நாள் காற்றே இல்லை. வெயில் ஏறி மூடுபனி கலைந்ததும் கிளம்பினார். நானும் வாட்ச்மேனும் கரையில் நின்றோம். வழியனுப்ப நான் எதிரே நிற்கக் கூடாதென்று விலகினேன், நங்கை கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்திவிட்டு, "வாரேன் அம்மணி" என்று சொல்லிப் போனார். சிவப்புச் சீலை. தண்ணீரில் இன்னொரு சிவப்புச் சீலை தலைகீழாகக் கூடவே போனது. பரிசல் கவிழ்ந்து கிடந்த இடத்துக்கு மேலே துடுப்பை நிறுத்தினார். பலகை தானாகக் கொஞ்சம் நகர்ந்து நின்றது. தலை மெல்லத் தாழ்ந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு நங்கை துடுப்பைப் பலகைமேல் குறுக்கே வைத்தார், மண்டியிட்டார், வலது கையைத் தோள்வரை தண்ணீருக்குள் விட்டார். எடுத்தார். எழுந்து நின்று, திரும்பி வந்தார். வரும்போது ஒருமுறைகூடக் குனியவில்லை, தடுமாறவும் இல்லை.

கரையேறிக் காலில் கட்டிய கயிற்றை அவரே அவிழ்த்தார். வலது கையை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். "அங்க ஒண்ணுமில்ல அம்மணி" என்றார். வீட்டுக்கு வந்து அப்பா முன் நின்றார். "பாத்துப்போட்டேனுங்க மாமா. அவரு அங்க இல்லீங்க."

அப்பா அவர் முகத்தையே பார்த்தார். "நல்லாப் பாத்தியா கண்ணு?" என்றார். அவர் நங்கையைக் கண்ணு என்று கூப்பிட்டு நான் கேட்டது அன்றுதான். "நல்லாப் பாத்தனுங்க" என்றார் நங்கை. அப்பா சொல்லியனுப்பி மறுநாள் காரியத்தை நிறுத்திவிட்டார். அன்று இரண்டு கை அதிகமாகவே சாப்பிட்டார். அலமாரியில் இருந்த வெள்ளைச் சீலை வீணாக வேண்டாமென்று எனக்குக் கொடுத்தார்கள். நைந்து கிழியும்வரை நான்தான் உடுத்தினேன்.

அன்று முதல் அணையில் பிடித்த மீன் எங்கள் வீட்டு அடுப்பில் ஏறவில்லை. குழாயில் வருவது அணைத் தண்ணீர் என்று நங்கை கிணற்றுக்கு நடந்தார். இந்த இரண்டுக்கும் அவர் காரணம் சொன்னதில்லை. நெற்றியில் குங்குமம் இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது, கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்கார்ந்தார். பெருந்துறையில் பார்த்தேன், திருப்பூரில் பார்த்தேன் என்று யாராவது வந்து சொன்னால், "அப்படிங்களா" என்று காபி வைத்துக் கொடுப்பார். அப்பா சாகும்வரை மகன் எங்கோ இருக்கிறான் என்றே இருந்தார். பின்னொரு பஞ்சத்தில் அணை அடிவரை வற்றி, பனைமரங்கள் மொட்டை மொட்டையாக வெளியே தெரிந்தன. ஊரே இறங்கிப் போய்ப் பார்த்தது. நங்கை அன்று வீட்டிலிருந்த எல்லாப் பாத்திரத்தையும் எடுத்துப்போட்டுப் புளி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். கேட்க வாயெடுத்தேன். நிமிராமலே சொன்னார்: "கேக்காதே அம்மணி. கேட்டாச் சொல்லிப்போடுவேன்."

நான் கேட்கவில்லை. சில வருஷங்களுக்கு முன் அவர் போனபோது மஞ்சள் பூசி, பூ வைத்து, சிவப்புச் சீலை உடுத்தி அனுப்பினோம். இப்போது கோயமுத்தூர் உக்கடத்தில் தங்கை மகன் வீட்டில் இருக்கிறேன். காலையில் குளத்தங்கரையில் நடக்கச் சொல்கிறார் டாக்டர். காற்றடித்துத் தண்ணீர் அலையாக இருந்தால் ஓரமாகவே நடப்பேன். அசையாமல் கண்ணாடி போல இருக்கிற நாட்களில், தள்ளி ரோட்டோரமாகப் போய்விடுவேன்.

இதில் தப்பு நிறைய இருக்கும். அந்தப் பலகைக்குச் சரியான பெயர் என்ன, பரம்பு மாடு எந்தப் பக்கம் திரும்பும், அணை வற்றியது எந்த வருஷம் என்பதையெல்லாம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுத்தால் புண்ணியம். ஆனால் ஒன்று. அணை வற்றியபோது பனந்தோப்புக்குள் இறங்கிப் போனவர்கள் இன்னும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அவர்களிடம் மட்டும் விசாரிக்க வேண்டாம். நங்கை பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார், அது போதும்.