டஸ்ட் உள்ளே வராது

அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலை பெக்டரி ஒன்றில், வேலைக்குப் போன முதல் நாளே நான் சொன்ன இரண்டு வாக்கியங்களால் ஒரு ஜீவனுக்கு இருப்பிடம் போகப் பார்த்தது. இரண்டும் உண்மையான வாக்கியங்கள், கேட்லொக்கில் அச்சடித்திருப்பவை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு பயோஸ் செட்டிங் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை, அதற்கு யூடியூப் இருக்கிறது. வாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதுளையில் நசார் முதலாளியின் கடையில் நான் டெக்னீஷியன். கடையின் முன்பக்கம் ரைஸ் குக்கர் விற்பார்கள், பின்பக்கம் நாங்கள் இருப்போம். அன்றைய வேலை, தேயிலை உலர்த்தும் டிரையரின் சூட்டை அளந்து பதிவதற்கு ஒரு இண்டஸ்ட்ரியல் கம்பியூட்டர் பொருத்துவது. செங்கல் அளவுப் பெட்டி. உடம்பெல்லாம் அலுமினியம். விசிறி கிடையாது, சூடு முதுகில் உள்ள வரிப்பள்ளங்கள் வழியாகவே இறங்கிவிடும். இருபத்துநாலு வோல்ட் கொடுத்துவிட்டால் மழை, குளிர், தூசி எதற்கும் அசையாது.

பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் பெருமாள் சேர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"மிஸ், இது தூள் பறக்குற எடம். முந்தி வாங்கின கம்பியூட்டரு தும்மித் தும்மியே செத்துப்போச்சு."

"கவலையே படாதீங்க சேர். இனிமே டஸ்ட் உள்ள வராது."

"ராத்திரியில அப்பிடியே நின்னுபோச்சுன்னா?"

"அதுக்கு உள்ளேயே வாட்ச்டாக் இருக்கு சேர். அதுவே எல்லாத்தையும் பார்த்துக்கும்."

பின்னால் டொர்ச் ஒன்று கீழே விழுந்து உருண்டது. திரும்பினால் காவல்காரர் சவரிமுத்து அண்ணன் வாயைத் திறந்தபடி நின்றார். அவர் காலடியில் கருஞ்சிவப்பாக ஒரு பெட்டை நாய். அதன் பெயர் டஸ்ட். தேயிலைத் தூளில் பொடியான ரகத்தின் பெயரை அதன் நிறத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். இது எனக்கு எப்படித் தெரியும்?

பிளேன்டீ நேரத்துக்குள் செய்தி பெக்டரி முழுவதும் பரவிவிட்டது. தூள் சலிக்கிற பெண்கள் என்னை நாய் பிடிக்க வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் கிட்ட வந்து, "மிஸ், அந்தப் பொட்டிக்குள்ள இருக்குறது கொரைக்குமா?" என்று கேட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் பெருமாள் சேருக்கு டஸ்டை அனுப்ப நெடுநாளாக ஒரு சாக்கு தேவைப்பட்டது. தரச் சான்றிதழுக்கு ஆடிட்காரர்கள் வருகிறார்கள், பெக்டரிக்குள் மிருகம் இருக்கக்கூடாது. சவரிமுத்து அண்ணன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. இப்போது தைரியத்தை நான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

"கம்பியூட்டர் மிஸ்ஸே சொல்லிட்டாங்க. நாளைக்கு வெறகு லொறி மொனராகலைக்குத் திரும்புதுல்ல, அதுல ஏத்திருங்க. டிரைவரு கரும்புத் தோட்டத்துல வச்சிப் பார்த்துக்குவாரு."

டஸ்டைக் கொண்டுபோய் லொறிக்குப் பக்கத்தில் கட்டினார்கள். சவரிமுத்து அண்ணன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. ஒங்க நாய வெளிய எடுத்துட்டீங்கன்னா எங்க டஸ்டு இங்கனயே இருந்துக்கும்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அண்ணே, அது நாயே இல்ல. காலையில பெரட்டுக்கு எல்லாரும் வந்து பேர் குடுக்குறாங்கல்ல? அது மாதிரி உள்ள ஓடுற புரோகிராமும் அப்பப்ப வந்து 'இருக்கேன்'னு சொல்லணும். வரலைன்னா, அது மயங்கிருச்சுன்னு நெனச்சு மெஷினையே நிறுத்தி மறுபடி ஆரம்பிச்சிரும்."

"லேட்டா வந்தா அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேரா மிஸ்?"

"அரைப்பேரெல்லாம் கெடையாது. நேரா ரீஸ்டார்ட்தான்."

"நம்ம தோட்டத்துத் தொரயவே தேவலைன்னு ஆக்கிருச்சே!" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப பெரட்டுன்னே சொல்லியிருக்கலாமே மிஸ். இதுக்குள்ள எதுக்கு நாய இழுத்தீங்க?"

பெருமாள் சேரிடம் போய் விளக்கிப் பார்த்தேன். "அதெல்லாம் வெளங்குது மிஸ். லொறிக்காரன்கிட்ட சொல்லியாச்சு" என்று புன்னகைத்தார்.

மறுநாள் காலை பெட்டியை ஓட்டிக்காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். பயோஸில் கரண்ட் வந்ததும் தானாக எழும்பும்படி வைத்தாயிற்று, சென்சர்களுக்கான போர்ட் செட்டிங் சரி, வாட்ச்டாக் காத்திருக்கும் நேரம் ஒரு நிமிடம். முந்தின நாள் சமர்த்தாக ஓடிய பெட்டி அன்று எழும்பும், எண்களைக் காட்டும், பொத்தென்று அணைந்து திரும்ப எழும்பும்.

"ஒங்க வாட்ச்டாக் தூங்குதா மிஸ்?"

"தூங்கல சேர். அதான் பிரச்சினையே."

இதற்கிடையில் முதலாளியின் போன். "தங்கச்சி, சைன் வாங்காம பஸ் ஏறிராதீங்க. நான் அந்தப் பொட்டியப் பத்தி ஊரெல்லாம் பேசிட்டேன்."

புரோகிராம் 'இருக்கேன்' சொல்லத் தவறினால், எங்கள் தொழிலில் வாட்ச்டாக்குக்குத் தீனி போகவில்லை என்போம். நானும் பழக்கத்தில் அதைச் சத்தமாகவே முணுமுணுத்துவிட்டேன். டிரையரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் பெட்டியின் முதுகில் பாதி ரொட்டி, சம்பலோடு. யார் வைத்தது என்று கேட்டதற்கு எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

கடைசியில் ஒரு சென்சர் மட்டும் பதில் சொல்லவில்லை என்று தெரிந்தது. புரோகிராம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு நின்று, பெரட்டைத் தவறவிட்டுக்கொண்டிருந்தது. வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அது சுவரைத் தாண்டி வெளியே, டிரையரின் அடுப்பு இருக்கும் விறகுக் கொட்டகைக்குள் போயிற்று. அங்கே விறகு அடுக்குக்குப் பின்னால் வயரின் உறை கடிபட்டு, செம்புக் கம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"சேர்! எலி!" என்று கத்தினேன்.

பெருமாள் சேர் ஓடிவந்தார். "மெதுவா மிஸ், மெதுவா! ஆடிட்காரங்க காதுல விழுந்துரும்!"

"அவங்க இன்னும் வரவே இல்லையே சேர்."

"பண்டாரவளையில வந்து தங்கியிருக்காங்க!"

"இவ்வளவு நாளும் இங்க எலி இல்லையா?"

சவரிமுத்து அண்ணன்தான் மெல்லச் சொன்னார். "நேத்து டஸ்ட கட்டிப்போட்டோம். எலி பெரட்டுக்கு வந்துருச்சு."

வெளியே டஸ்டை ஏற்றிய லொறி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ தெரியாது.

"சேர், வெளிய இருக்குற வாட்ச்டாக் இல்லாம உள்ள இருக்குற வாட்ச்டாக் ஓடாது. ரெண்டும் ஒரே செட். ஒண்ணு கொறைஞ்சா நான் பொறுப்பில்ல!"

பெருமாள் சேர் அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஓடியதைப் பார்த்திருக்க வேண்டும். கேட்டில் லொறியை மறித்துவிட்டார். டஸ்ட் குதித்து இறங்கி, நேராக சவரிமுத்து அண்ணனிடம் வந்து அவர் தொப்பியைக் கவ்வியது. 

டஸ்ட் இனி பெக்டரிக்குள் வராது, விறகுக் கொட்டகைதான் அதன் டியூட்டி என்று முடிவாயிற்று. ஆக நான் சொன்ன முதல் வாக்கியமும் பொய்யாகவில்லை. புது வயரை இரும்புக் குழாய்க்குள் விட்டுப் பொருத்தினேன். இனி எந்த எலியாலும் அதைக் கடிக்க முடியாது என்பதை மட்டும் பெருமாள் சேரிடம் அழுத்திச் சொல்லவில்லை. கையெழுத்திட்ட தாளில் 'வாட்ச்டாக் – இரண்டு' என்று எழுதினேன். பெக்டரியின் எல்லாச் சாமானுக்கும் ஒட்டும் ஸ்டிக்கரை அவர் டஸ்டின் கழுத்துப் பட்டியிலும் ஒட்டிவிட்டார். சான்றிதழும் கிடைத்தது.

பிறகு ஒரு நாள் பெருமாள் சேர் போன் செய்தார். "மிஸ், வாட்ச்டாக் குட்டி போட்டுருச்சு. வாரண்டியில வருமா?"

ஒரு குட்டி இப்போது எங்கள் கடையில் வளர்கிறது. முதலாளி ஆசையாக 'ரீசெட்' என்று பெயர் வைத்திருக்கிறார். போன வாரம் அது அவருடைய செருப்பைக் கடித்துக்கொண்டு ஓட, முன்பக்கமிருந்து "ரீசெட்! ரீசெட்!" என்று கத்தினார். பின்பக்கத்தில் ஒரு கஸ்டமரின் பெட்டிக்கு சொஃப்ட்வெயார் ஏறிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன் மிகுந்த பணிவோடு அதன் ரீசெட் பட்டனை அழுத்திவிட்டான்.

"முதலாளிதானே சொன்னாரு அக்கா" என்றான்.

ஒரு சொல்லைக் கொண்டு போகுமுன், அந்த இடத்தில் அதே பெயரில் ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா என்று கேட்க வேண்டாமா என்று அவனைத் திட்டப் போனேன். 'டஸ்ட் உள்ளே வராது' என்று சொன்ன வாய்தானே இது. மூடிக்கொண்டு, சொஃப்ட்வெயாரை முதலிலிருந்து ஏற்ற ஆரம்பித்தேன்.