கிடார் கம்பியில் தொங்கும் கண்ணாடி

இந்தப் பதிவை யாருக்கும் காட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள்.

நான் தொலைநோக்கி செய்வது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "பிளஸ் டூ முடியறதுக்குள்ள அந்தப் பைப்ப கண்ணுல பாத்தேன், காயலாங்கடைல போட்ருவேன்" என்று சொல்லிவிட்டார்.

தொலைநோக்கிக்கான அந்தப் பைப் என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. லீவு முழுக்க நானே தேய்த்து எடுத்த பெரிய கண்ணாடி அதற்குள் இருக்கிறது.

பைப்பின் வாயில் இன்னொரு சின்னக் கண்ணாடியைத் தொங்கவிட வேண்டும். தகரப் பட்டையில் நிறுத்தினால் ஒவ்வொரு நட்சத்திரத்திலும் முள் முளைத்த மாதிரி தெரிகிறது. மெல்லிய கம்பி என்றால் அது குறையும். அதனால் இன்று செங்கல்பட்டில் ஒரு மியூசிக் கடைக்குப் போய், இருப்பதிலேயே மெல்லிய கிடார் கம்பி கேட்டேன்.

பின்னால் அப்பாவின் நண்பர் நின்றிருந்தார். சிறுசேரிக்கு வேன் ஓட்டும் மாமா.

"இன்னாம்மா, கிடாரெல்லாம் வாசிக்கிற? உங்கப்பன் சொல்லவே இல்ல பாரு!"

"ஃபிரெண்டுக்கு மாமா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனை எடுத்தார்.

போன தடவை சாதாரணக் கம்பிகளை நேராக நடுப்புள்ளிக்கே இழுத்துக் கட்டியதால் கண்ணாடி திரும்பிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இந்தத் தடவை கிடார் கம்பிகளை நடுவை விட்டுச் சற்று விலக்கிக் கட்டினேன். அசையாமல் நின்றது. எல்லாம் ஒரே இறுக்கமா என்று பார்க்க ஒவ்வொன்றாகச் சுண்டினேன். சத்தம் ஹாலுக்கே கேட்டிருக்கும்.

அப்பா கதவைத் தட்டுகிறார்.

"இன்னாடி, கிடார வாங்கியாந்து ஒளிச்சி வெச்சிகினு கீறியா? கதவத் தொற!"

கிடார்தான் என்று ஒப்புக்கொள்ளவா, பைப்பைக் காட்டவா? சீக்கிரம் சொல்லுங்