மண்தரையும் என் கரிநாக்கும்

ஒரு மனிதர் தோற்க வேண்டும் என்று ஏழு மாதம் காத்திருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வெட்கப்படுகிறவள் நான். பஸ் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போனால்கூட நிறுத்தச் சொல்ல வாய் வராது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பேன்.

தூத்துக்குடியில் துறைமுகம் போகிற சாலையில் ஒரு கிளப் இருக்கிறது. அங்கே உள்ள ஒரே டென்னிஸ் கோர்ட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சிமெண்ட் இல்லை, மண் கோர்ட். சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணல்மேட்டிலிருந்து லாரியில் வந்த செம்மண்ணும் குளத்து வண்டலும் கலந்து போட்ட தரை. காலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும், உருளை இழுக்க வேண்டும், கோடு போட வேண்டும். ஒவ்வொரு செட் முடிந்ததும் அகலமான துடைப்பக் கட்டையை இழுத்துத் தரையைச் சமப்படுத்த வேண்டும். பத்தாம் வகுப்பு வரை படித்த எனக்கு இந்த வேலை கிடைத்தபோது, ஒரு பொம்பளை உருளை இழுப்பதை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். சில மாதங்களில் என்னை மறந்துபோனார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது.

டென்னிஸை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தரை சொல்லித் தந்தது. மண்ணில் ஆடினால் ஒவ்வொரு அடியும் தடமாக விழும். துடைப்பத்தை இழுப்பதற்கு முன்னால் அந்தத் தடங்களைப் பார்ப்பேன். யார் பந்துக்கு முன்னால் போய் நின்றார், யார் தாமதமாக ஓடி வந்து காலை ஊன்றினார், யாருக்கு எந்த முழங்கால் வலி, எல்லாம் அதில் இருக்கும். வருடக்கணக்காகப் பார்த்துப் பழகியபின், ஆளைப் பார்க்காமலே தடத்தை வைத்து யார் ஆடினார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். இதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

சித்திரை, வைகாசியில் வெளிநாட்டு மண்தரைப் போட்டிகள் டிவியில் வரும். அந்த மாதங்களில் கிளப் உறுப்பினர்கள் சாயங்காலம் ஆடுவதை விட்டுவிட்டு டிவி அறையில் உட்கார்ந்துகொள்வார்கள். நானும் வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்ப்பேன். அந்த வருடம் எல்லோர் வாயிலும் ஒரே ஆட்டக்காரன். வயது இருபத்திரண்டோ இருபத்திமூன்றோ. அவன் கையில் இருந்த வித்தையை இரண்டு பேர் தினமும் பிரித்து மேய்வார்கள். ஒருவர் கிளியரிங் ஏஜெண்ட், துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்குகளுக்குச் சுங்க வேலை முடித்துக் கொடுப்பவர். பருத்த உடம்பு, பெரிய குரல். மற்றவர் சாயர்புரத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லி.

"என்ன வாத்தியாரே, அவன் கையில இருக்கது ராக்கெட்டா, கரண்டியா? அள்ளி அள்ளிப் போடுதான்லா!" என்பார் ஏஜெண்ட்.

"கை இருக்குவே. கால் எங்க இருக்கு? ஒரு பாயிண்ட் தேன் மாதிரி ஆடுதான். அடுத்த மூணு பாயிண்ட்டையும் வலைக்குள்ள கொண்டுபோய்ப் போடுதான். மண்ணுல இது செல்லாது."

"ஒரே மாதிரி ஆடணும்னா சுவத்துக்கூடப் போய் ஆடும். சுவரு ஒரு பந்தையும் விடாது."

"போன போட்டியில மூணாவது செட்டுல நாக்குத் தள்ளிட்டு. அதுக்கு முந்தி முதுகு. மண்ணுல இறங்கும்போதெல்லாம் ஒரு உறுப்புக்கு லீவு விடுதான்."

"உம்ம உறுப்பெல்லாம் எப்படி இருக்கு? ரெண்டு படி ஏற இடுப்பப் பிடிக்கீரு. நீரு அவனுக்கு ஃபிட்னஸ் பேசுதீரு!"

அறையே சிரித்தது. வாத்தியாரும் சிரித்துவிட்டு, ஆள் சேர்க்க நினைத்தாரோ என்னவோ, வாசல் பக்கம் திரும்பினார். "எம்மா, நீ சொல்லு. தினமும் மண்ணோட கெடக்கவ நீதான்."

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. பேசாமல் போயிருக்கலாம். ஆனால் அன்று அவன் சறுக்கிய தடங்களை கேமரா கிட்டே காட்டிக்கொண்டிருந்தது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அடிச்ச பெறவு சறுக்குதாரு சார். சறுக்கிக்கிட்டே அடிக்கணும். இப்படி ஆடுனா தொடையில பிடிச்சிரும். அடுத்த மேட்ச் நீண்டா, நாலாவது செட்டத் தாண்ட மாட்டாரு."

ஏஜெண்ட் டிவி பக்கம் திரும்பிக்கொண்டு, "ஏளா, குழாய மூடிட்டு வந்தியா? அங்கன கோர்ட்டு குளமாயிரப் போகுது" என்றார்.

சிரிப்புச் சத்தத்தோடு நான் கோர்ட்டுக்குப் போனேன். குழாய் மூடித்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அடுத்த ஆட்டம். நாலாவது செட்டில் அந்தப் பையன் ஒரு பந்துக்கு நீண்டு சறுக்கினான். எழும்போது தொடையைப் பிடித்துக்கொண்டான். அரை மணி நேரம் நொண்டிவிட்டு, எதிராளியின் கையைக் குலுக்கிவிட்டு வெளியே போனான். நான் வாசலில்தான் நின்றேன். இப்போது ஏஜெண்ட் திரும்பிப் பார்ப்பார், ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

அவர் திரும்பிப் பார்த்தார். "ஏளா கரிநாக்கு! நல்லா ஆடிக்கிட்டிருந்த பையன வாய வச்சே சாய்ச்சிட்டியே!"

அறை குலுங்கிச் சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். அதை நான் மறக்கவில்லை.

நான் கண்ணால் பார்த்துச் சொன்னது என் நாக்கின் பாவமாகிவிட்டது. மறுநாள் டிவி அறைக் கதவில், பணியாளர்கள் உள்ளே வரக்கூடாது என்று தாள் ஒட்டியிருந்தது. ஏஜெண்ட் கமிட்டியில் இருந்தார். அதோடு முடிந்திருந்தால் பொறுத்திருப்பேன். விளையாட வருகிறவர்கள், "தாயி, நாளைக்கு எனக்கு மேட்சு, எதுவும் சொல்லிராத" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். கேண்டீன்காரர் தன் மகளை மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிற அன்று என்னிடம் வந்து, "கோவிச்சுக்கிடாதக்கா, இன்னைக்கு ஒரு நாள் எங்க கண்ணுல படாம இரு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. தயங்கித் தயங்கித்தான் சொன்னார். நான் பம்ப்செட் அறையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். அங்கே உட்கார்ந்துதான் முடிவு செய்தேன். இந்த ஆள் மண்ணில் விழ வேண்டும். என் மண்ணில், எல்லோரும் பார்க்க.

தை மாதம் கிளப்பின் வருடாந்திரப் போட்டி. மூத்தோர் பிரிவில் ஏஜெண்டுக்கு இருக்கும் பலம் அவருடைய சர்வீஸ். பந்து இடி மாதிரி வரும். இரண்டு அடியில் பாயிண்டை முடித்துவிடுவார். மூன்றாவது அடி வந்தால் மூச்சு வாங்கும். டிவி பையனின் நோயெல்லாம் அவருக்கும் இருந்தது, வித்தை மட்டும் இல்லை. இறுதி ஆட்டத்தில் அவருக்கு எதிராக வந்து நின்றவர் வாத்தியார். எதையும் திருப்பிப் போட்டுவிடுவார், பொறுமைசாலி. தரை மெதுவாக இருந்தால் பாயிண்ட் நீளும், நீண்டால் ஏஜெண்ட் செத்தார். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

தரையை மெதுவாக்க எனக்குத் தெரியும். உப்பளத்தில் உப்பு வாரியபின் பாத்தியில் ஒரு கசப்புத் தண்ணீர் மிஞ்சும். அது லேசில் காயாது. காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் கோர்ட் புழுதியாகாமல் இருக்க அதைக் கொஞ்சமாகத் தெளிப்போம். தை மாதத்தில் தெளிக்க மாட்டோம், பனியே போதும். இறுதி ஆட்டத்துக்கு முந்தின சாயங்காலம் நான் நாலு குடம் தெளித்தேன். ஒவ்வொரு குடத்துக்கும் அவர் முகத்தை நினைத்துக்கொண்டேன்.

காலையில் ஏஜெண்ட் வந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலில் உருட்டினார். "ஏளா, என்ன இது, கொழுக்கட்டை மாவு மாதிரி இருக்கு?"

"கடக்காத்து ஈரம் அண்ணாச்சி" என்றேன்.

ஆனால் என் கணக்கு தப்பியது. ஈர மண்ணை அப்பிக்கொண்டு பந்து கனத்துப்போனது. கனத்த பந்தைத் தள்ள ஏஜெண்டிடம் உடம்பு இருந்தது. வாத்தியாரிடம் இல்லை. அவர் திருப்பிப் போட்ட பந்தெல்லாம் பாதித் தரையிலேயே விழுந்தது. ஏஜெண்ட் முன்னால் வந்து வந்து அடித்து முடித்தார். முதல் செட் ஆறுக்கு இரண்டு. நான் தெளித்த நாலு குடமும் அவருக்கே வேலை செய்துவிட்டது. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வாத்தியாரே, உம்ம பந்தெல்லாம் பாதி வழியிலயே பஸ்ஸ விட்டு இறங்குது, என்னா?" என்று ஏஜெண்ட் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கத்தினார். வேடிக்கை பார்க்க வந்த இருபது முப்பது பேரும் சிரித்தார்கள்.

செட் இடைவெளி. துடைப்பக் கட்டையை இழுத்துக்கொண்டு கோர்ட்டுக்குள் போனேன். ஏஜெண்ட் கடைசியாக ஆடிய பக்கத்தில் தடங்களைப் பார்த்ததும் நின்றேன். ஆரம்பத்தில் இரண்டு காலும் ஒரே ஆழத்தில் பதிந்திருந்தன. கடைசித் தடங்களில் வலது காலின் முன்பகுதி மட்டும் இருந்தது. குதிகால் விழவே இல்லை. இடது கால் மட்டும் பள்ளம் பறித்திருந்தது. கெண்டைக்கால் இழுக்கத் தொடங்கிவிட்டால் குதிகாலை ஊன்ற முடியாது. அவருக்கே அது சரியாகத் தெரிந்திருக்காது, லேசான இறுக்கம் என்று நினைத்திருப்பார். முதல் செட்டைப் போலவே சீக்கிரம் முடித்துவிட்டால் அந்தக் காலோடு அவர் ஜெயித்துவிடவும் கூடும்.

துடைப்பத்தை விட்டுவிட்டு அவர் நாற்காலிக்கு நேராகப் போனேன். அவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு பேருக்குக் கேட்கும்படி நான் பேசியது அன்றுதான்.

"அண்ணாச்சி, உங்க வலது கெண்டைக்கால் பிடிக்கப் போகுது. பார்த்து ஆடுங்க."

இளநீர் அவர் தாடையில் வழிந்தது. "ஏளா!" என்று பாதி எழுந்தார். எழும்போதே கை தானாக வலது காலுக்குப் போனது. பின்னாலிருந்து யாரோ, "சோலி முடிஞ்சுது" என்றார்கள்.

அதற்குப் பிறகு அவர் வாத்தியாரோடு ஆடவில்லை, தன் காலோடு ஆடினார். ஒவ்வொரு பாயிண்டுக்கும் முன்னால் காலை உதறிப் பார்த்தார். அந்த இடி சர்வீஸ் இரண்டு தடவை வலையில் விழுந்தது, மூன்றாவது தடவை வேலிக்குப் போனது. முன்னால் ஓடி வருவதை நிறுத்திவிட்டார். வாத்தியார் பந்தை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் போட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாவது செட் வாத்தியாருக்கு. மூன்றாவது செட்டின் மூன்றாவது கேமில் ஏஜெண்ட் ஒரு பந்துக்குத் திரும்பினார். கால் முறுக்கிக்கொண்டது. என் கோர்ட்டில் மல்லாந்து விழுந்தார். வெள்ளைச் சட்டை முழுவதும் செம்மண். இரண்டு பேர் பாதத்தைப் பிடித்து மடக்கும்போது அவர் அலறியதை வேலிக்கு வெளியே நின்று கேட்டேன். இனித்தது. அதை வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆட்டம் அதோடு முடிந்தது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வாத்தியார் என்னிடம் வந்தார். நான் மறுபடி துடைப்பக் கட்டையை எடுத்திருந்தேன். பத்தடி தள்ளி ஏஜெண்ட் காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றி இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"எம்மா, உண்மையச் சொல்லு. நீ தடத்தப் பார்த்துத்தான சொன்ன? அன்னைக்கு டிவியிலயும் பார்த்துத்தான் சொன்ன, என்ன?" அவர் குரலில் ஒரு குற்ற உணர்ச்சி இருந்தது. "நான்தான் கிறுக்கன், கூடச் சேர்ந்து சிரிச்சேன். காட்டு, எல்லாரும் பார்க்கட்டும்."

கடைசி செட்டின் தடங்கள் இன்னும் அழியவில்லை. குதிகால் பதியாத வலது காலை ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கலாம். காட்டினால் என் பெயர் மாறும். கேண்டீன்காரர் வீட்டு விசேஷத்துக்குக்கூட என்னைக் கூப்பிடுவார். ஏஜெண்டுக்கும் நிம்மதி. வெறும் கால்பிடிப்பு, யாருக்கும் வருவதுதான் என்று அடுத்த வாரமே எழுந்து ஆடுவார். டிவி அறையில் உட்கார்ந்து மறுபடி கத்துவார். பம்ப்செட் அறையில் நான் உட்கார்ந்திருந்த அந்தப் பகல் என்னோடு போகும்.

"தடமா? நான் ஒண்ணும் பார்க்கல சார்" என்றேன். "வாயில வந்துது. சொன்னேன்."

வாத்தியார் என்னை நம்பவில்லை. அவர் நம்பத் தேவையில்லை. துடைப்பத்தை அவர் காலைச் சுற்றிக்கொண்டு இழுத்தேன். தடங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தன.

ஏஜெண்டைத் தோளில் தாங்கிக் காருக்குக் கூட்டிப் போனார்கள். என்னைத் தாண்டும்போது நிற்கச் சொன்னார். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, மெல்லிய குரலில், "ஆஸ்பத்திரிக்குத்தாம்மா போறேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத. நல்லபடியா ஒரு வார்த்தை சொல்லு" என்றார்.

நான் தரையைப் பார்த்தபடி துடைப்பத்தை இழுத்தேன். அவர் காத்துக்கொண்டு நின்றார். தாங்கிப் பிடித்திருந்தவர்களுக்குத் தோள் வலித்திருக்க வேண்டும், "வாங்க அண்ணாச்சி, போவோம்" என்று இரண்டு தடவை சொன்னார்கள். கோர்ட்டின் அந்தக் கோடி வரை போய்விட்டுத் திரும்பினேன். அப்போதும் அங்கேயே நின்றார். அடுத்த பட்டையை இழுக்கத் தொடங்கினேன்.